நள்ளிரவில் கதவைத் தட்டினார்கள்! அந்தரங்க உரிமை பிறந்த கதை

நள்ளிரவு.

ஊர் அடங்கிவிட்டது. வீட்டுக்குள் ஒருவர் அயர்ந்து தூங்கிக்கொண்டு இருக்கிறார்.

திடீரென்று கதவு தடதடவென்று தட்டப்படுகிறது. கூடவே கூச்சல்!

வெளியே கிராமத்துக் காவல்காரன் நிற்கிறான். சில நாட்களில் போலீஸ்காரர்களும் வருவது உண்டு. தூங்கியவர் எழுந்து வந்து முகத்தைக் காட்டவேண்டும். சில சமயம் அந்த அகாலத்திலேயே போலீஸ் நிலையத்துக்கும் போகவேண்டும்.

அவர் பக்கத்து ஊருக்குப் போவதானாலும் சும்மா போய்விட முடியாது. எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படவேண்டும். போகிற ஊரின் போலீசாருக்கும் தகவல் போய்விடும். அங்கேயும் அவர்மேல் கண் வைத்திருப்பார்கள்.

இப்படியெல்லாம் தமக்கு நடக்கிறது என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். அவர் பெயர் கரக் சிங். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தவர்.

அவர் செய்த குற்றம் என்ன?

1941-ம் ஆண்டு ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை. விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் நிலையத்தில் அவர் பெயரில் ஒரு ஏடு திறந்துவிட்டார்கள். அந்த ஏடுதான் அவரை ஆண்டுக்கணக்கில் துரத்தியது.

அந்த நள்ளிரவுக் கதவுக்கும், இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் செல்போனுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அது என்ன?

நாலு பேர் ஒரு பக்கம்

கரக் சிங் வழக்கை 6 நீதிபதிகள் விசாரித்தார்கள். 1962-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி தீர்ப்பு வந்தது.

இரவில் வீட்டுக்குப் போய் ஆளை எழுப்புவது தப்பு, அந்த விதி செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. கரக் சிங் இனி நிம்மதியாகத் தூங்கலாம்!

ஆனால் பகலில்? அவர் பின்னால் ஆள் வைத்துப் பார்ப்பது, அவர் போவதையும் வருவதையும் குறித்து வைப்பது, இதெல்லாம்? அவற்றைத் தடுக்க 4 நீதிபதிகள் சம்மதிக்கவில்லை. அந்தரங்க உரிமை என்று ஒன்றை அரசியல் சட்டம் கொடுக்கவில்லை என்றார்கள். 1954-ம் ஆண்டில், ஒரு சோதனை வழக்கிலும் 8 நீதிபதிகள் இதே போக்கில்தான் தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

அந்தரங்க உரிமை என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்கவேண்டாம். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிக்கும் அது தெரிந்திருந்தது.

ஊருக்குச் சுகமாக வந்து சேர்ந்த செய்தியைப் பாட்டி தபால் கார்டில் எழுதச் சொல்வாள். மகள் வீட்டுச் சண்டையைக் கார்டில் எழுதச் சொல்வாளா? மாட்டாள். அதற்கு இன்லண்டு கடிதம் வாங்கி வரச் சொல்வாள். எழுதி முடித்ததும், ஓரத்தை நன்றாக ஒட்டச் சொல்வாள்.

பாட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தன் வீட்டுச் சங்கதியை யார் படிக்கலாம், யார் படிக்கக்கூடாது என்று அவளே முடிவு செய்தாள். அதற்குப் பெயர்தான் அந்தரங்க உரிமை.

இரண்டு பேர் ஒரு பக்கம்

மற்ற 2 நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சுப்பாராவ். இன்னொருவர் ஷா.

சுப்பாராவ் சென்னையில் வக்கீலாகத் தொழில் நடத்தியவர். சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்தவர். பிற்காலத்தில் இந்தியாவின் தலைமை நீதிபதியாகவும் ஆனார்.

அவர் தமது தனித்தீர்ப்பில் கேட்ட கேள்வி மிக எளிமையானது. ஒரு மனிதன் எங்கே போனாலும் போலீசாரின் கண் பின்னாலேயே வருகிறது. அவன் கால் நடக்கலாம். ஆனால் அது சுதந்திரமான நடை ஆகுமா? அப்படிப்பட்டவனுக்கு நாடு முழுவதுமே சிறைச்சாலை அல்லவா? என்று கேட்டார்.

விஞ்ஞான முறைகளைக் கொண்டு மனிதனின் மனத்தைக் கட்டுப்படுத்துவதும் விலங்கு மாட்டுவது போலத்தான் என்றும் அவர் எழுதினார். அப்போது செல்போன் இல்லை. கம்ப்யூட்டரைக் கண்டவர்களே சிலர்தான்!

4 பெரிதா, 2 பெரிதா? கோர்ட்டில் 4 தான் பெரிது. சுப்பாராவின் கருத்து ஏட்டில் தூங்கியது. 1976-ம் ஆண்டு அவர் காலமானார்.

வருடங்கள் ஓடின. வேறு சில வழக்குகளில் சிறிய அமர்வுகள் அந்தரங்க உரிமை உண்டு என்று சொல்லத் தொடங்கின. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை "நக்கீரன்" வெளியிடுவதைப் பற்றிய அந்த வழக்கில், 1994-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வெளியீட்டை அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது கோர்ட்டு. அதே தீர்ப்பில், பிறர் தலையீடு இல்லாமல் இருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் சொன்னது.

ஆனால் 8 பேரும் 6 பேரும் எழுதிய பழைய தீர்ப்புகள் அப்படியே இருந்தன. பெரிய அமர்வு சொன்னதைச் சிறிய அமர்வு மாற்ற முடியாது!

தட்டாமல் வந்த விருந்தாளி

இதற்குள் உலகம் மாறிவிட்டது.

கரக் சிங் எங்கே போகிறார் என்று பார்க்க ஒரு காவல்காரன் வேண்டியிருந்தது. அவனுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். அவனுக்குத் தூக்கமும் வரும். இன்று அந்தத் தொல்லை இல்லை.

செல்போன் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தானே அவருக்கு வரும் அழைப்பைக் கொண்டு சேர்க்க முடியும்? அதற்காகப் போன், அருகில் உள்ள கோபுரத்தோடு அடிக்கடி தொடர்பு கொள்கிறது. பஸ்சில் ஏறி அடுத்த ஊர் போனால், அடுத்த கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது இல்லாமல் செல்போன் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பைச் சேர்த்து வைத்தால், ஒருவர் எங்கே போனார், எங்கே இரவு தங்கினார் என்பது எல்லாம் தெரிந்துவிடும்.

போனில் இறக்கிக்கொள்ளும் செயலிகளும் அப்படித்தான். டார்ச் விளக்கு எரிக்கிற செயலிக்கு, வீட்டில் உள்ளவர்களின் போன் நம்பர் எதற்கு? விளையாட்டுச் செயலிக்கு மைக்கு எதற்கு? கேட்கின்றன. "சரி" என்ற இடத்தை விரல் தொடுகிறது. படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

காவல்காரன் கதவைத் தட்டினான். அதனால் கரக் சிங்குக்கு விஷயம் தெரிந்தது. கோர்ட்டுக்குப் போனார். இந்தப் புதிய விருந்தாளியோ கதவைத் தட்டுவதே இல்லை. வந்தது தெரியாதவர் யார்மேல் வழக்குப் போடுவார்?

86 வயதில் ஒரு வழக்கு

2009-ம் ஆண்டு மத்திய சர்க்கார் ஆதார் திட்டத்துக்காக ஓர் ஆணையத்தை அமைத்தது. 2010-ம் ஆண்டு செப்டம்பரில் மராட்டிய மாநிலத்தின் டெம்ப்ளி என்ற கிராமத்தில் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது.

ஆளுக்கு 12 இலக்க எண். அதற்காக 10 விரல்களின் ரேகை, 2 கண்களின் கருவிழிப் பதிவு, முகத்தின் படம். ஏழைகளுக்குப் போகவேண்டிய பணம் இடையில் கரையாமல் நேராகப் போய்ச் சேர இது உதவும் என்று சர்க்கார் சொன்னது. 2016-ம் ஆண்டு ஏப்ரலில் ஆதார் எண்கள் 100 கோடியைத் தொட்டன. உலகமே திரும்பிப் பார்த்த புதுமை அது.

ஆனால் தொடக்கத்தில் அதற்கென்று பாராளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. சர்க்கார் உத்தரவின் பேரில்தான் கோடிக்கணக்கான ரேகைகள் பதிவாகிக்கொண்டு இருந்தன.

பெங்களூரில் ஒரு பெரியவருக்கு இது சரியாகப் படவில்லை. அவர் பெயர் கே.எஸ்.புட்டசாமி. கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். அப்போது அவருக்கு வயது 86!

பலரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கல் உடைத்தும் மண் சுமந்தும் ரேகை தேய்ந்த விரலை எந்திரம் ஏற்காவிட்டால் அந்த ஏழைக்கு அரிசி இல்லையா என்றும் கோர்ட்டில் கேட்கப்பட்டது.

2015-ம் ஆண்டு சர்க்கார் தரப்பு அட்டர்னி ஜெனரல் ஒரு வாதத்தை எடுத்து வைத்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை, 1954-லும் 1962-லும் இந்தக் கோர்ட்டே சொல்லியிருக்கிறது என்றார்.

கரக் சிங் மீண்டும் கோர்ட்டுக்கு வந்துவிட்டார்!

9 பேர், ஒரே முடிவு

8 நீதிபதிகள் சொன்னதை மாற்ற 9 நீதிபதிகள் வேண்டும். 2017-ம் ஆண்டு ஜூலையில் 9 பேர் அமர்ந்தார்கள். தலைமை நீதிபதி ஜே.எஸ்.கேஹர் தலைமை வகித்தார்.

ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. 547 பக்கம். 6 நீதிபதிகள் தனித்தனியே எழுதினார்கள். ஆனால் 9 பேரும் ஒரே முடிவைத்தான் சொன்னார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அரசியல் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பிலேயே அது அடங்கி இருக்கிறது.

1962-ல் தோற்றுப்போன சுப்பாராவின் கருத்து, 55 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெயித்தது!

அந்தத் தீர்ப்பில் இன்னொரு அதிசயமும் இருந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-ம் ஆண்டு, சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கொடுத்தது. விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் விடுதலை கேட்டுக் கோர்ட்டுக்கு வரமுடியாது என்பது தீர்ப்பு. அதற்குச் சம்மதித்த நீதிபதிகளில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட். 2017-ம் ஆண்டு, அந்தத் தீர்ப்பு பெரிய தவறு, அது இனிச் செல்லாது என்று எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். இவர் அவருடைய மகன்!

அந்தரங்க உரிமைக்கு எல்லையே இல்லை என்று கோர்ட்டு சொல்லவில்லை. சர்க்கார் அதில் கை வைக்கலாம். ஆனால் அதற்குச் சட்டம் இருக்கவேண்டும். நியாயமான காரணம் இருக்கவேண்டும். காரணத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது. திருடனைப் பிடிக்க ஒரு வீட்டைச் சோதிக்கலாம். அதற்காக ஊரில் உள்ள எல்லார் பெட்டியையும் திறக்கலாமா?

இந்த அளவுகோலைக் கொண்டு 2018-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஆதார் வழக்கு முடிவானது. 5 நீதிபதிகளில் 4 பேர் ஆதார் சட்டம் செல்லும் என்றார்கள். சர்க்கார் உதவிகளுக்கும் வருமான வரிக்கும் ஆதாரைக் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் செல்போனுக்கும் கட்டாயப்படுத்தக்கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கவும் கட்டாயம் இல்லை. தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதி செல்லாது.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிக்கும் போனுக்கும், விருப்பம் உள்ளவர்கள் ஆதாரைக் கொடுக்கலாம் என்று ஆயிற்று. ஆதார் சட்டமே செல்லாது என்று தனித்தீர்ப்பு எழுதிய ஐந்தாவது நீதிபதி, அதே டி.ஒய்.சந்திரசூட்!

கேட்டுத்தான் வரவேண்டும்

தீர்ப்பு வந்தால் போதுமா? செயலி நடத்தும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டுமே? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் ஒரு கமிட்டி 2018-ல் அறிக்கை கொடுத்தது. 2019-ல் ஒரு மசோதா வந்தது. 2022-ல் அது வாபஸ் ஆனது. கடைசியில் 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025-ம் ஆண்டு நவம்பரில் அதற்கு விதிகள் வெளியாயின. கம்பெனிகள் தங்கள் முறைகளைத் திருத்திக்கொள்ள 18 மாதம் தவணை கொடுக்கப்பட்டது.

சட்டத்தின் பெயர் நீளம். சாரம் ஒரே வரிதான்: கேட்டுவிட்டு உள்ளே வா!

எதற்காகத் தகவல் வேண்டும் என்று கம்பெனி தெளிவாகச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. அரசியல் சட்டத்தின் பட்டியலில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வசதி தரவேண்டும். அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு.

சம்மதம் கொடுத்தவர் அதை வாபஸ் வாங்கலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, வாபஸ் வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும். 18 வயது ஆகாத பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சேர்த்து வைத்த தகவல் களவு போனால், சம்பந்தப்பட்டவர்களுக்கு அதைத் தெரிவிக்கவேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்ட கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்!

சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு பெண் டாக்டரிடம் போன் மூலம் வைத்தியம் கேட்கும் செயலியை இறக்கிக்கொள்கிறாள். அது வைத்தியத்துக்கான விவரங்களையும் கேட்கிறது. போனில் உள்ள எல்லா நம்பர்களையும் கேட்கிறது. அவள் இரண்டுக்கும் "சரி" என்கிறாள். ஆனாலும் சட்டம் சொல்கிறது: வைத்தியத்துக்கு எல்லார் நம்பரும் தேவை இல்லை. ஆகவே அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டுமே செல்லும்.

பூட்டும் ஒரு புதுமைதான்

இப்படிக் கட்டுப்பாடு போட்டால் புதிய கண்டுபிடிப்புகள் முடங்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. நாலு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கும் சிறு கம்பெனிக்கு, பெரிய கம்பெனி போல வக்கீல் வைக்க வசதி ஏது? அதனால்தான் புதிய சிறு கம்பெனிகளுக்குச் சில நிபந்தனைகளில் விலக்கு அளிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஆனால் கட்டுப்பாடே புதுமையைப் பிறக்க வைத்ததும் உண்டு. ஆதார் வழக்கு நடந்துகொண்டு இருந்த 2018-ம் ஆண்டிலேயே, ஆணையம் 16 இலக்கத் தற்காலிக எண்ணைக் கொண்டுவந்தது. உண்மையான ஆதார் எண்ணுக்குப் பதில் இதைக் கொடுக்கலாம். வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரும் கிடைக்கிறது. விரல் ரேகையை யாரும் பயன்படுத்தாதபடி பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது.

யாரும் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் இந்தப் பூட்டுகளுக்கு இவ்வளவு அவசரம் இருந்திருக்குமா?

இன்னும் தீராத கேள்வி

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி ஆகிய காரணங்களுக்காகத் தன் இலாகாக்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது. கம்பெனி கட்டும் அபராதமும் சர்க்கார் கஜானாவுக்குத்தான் போகும். தகவலைப் பறிகொடுத்தவர் கைக்கு வராது. இவை இரண்டையும் பலர் குறை கூறுகிறார்கள்.

கரக் சிங்கின் கதவைத் தட்டியது கம்பெனி அல்ல. போலீசார்! ஆகையால் சுப்பாராவ் கேட்ட கேள்விக்கு இன்றும் வேலை இருக்கிறது. விலக்கு அளவுக்கு மீறிப் போனால், 2017-ம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோல் கோர்ட்டில் தயாராக இருக்கிறது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செயலி எதையாவது கேட்டால், விரல் தொடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். "இந்த வேலைக்கு இது தேவைதானா?" என்று கேட்கவேண்டும். தேவை இல்லை என்றால் "வேண்டாம்" என்று தொடவேண்டும். யாராவது ஆதார் நகல் கேட்டால், 4 இலக்கம் மட்டும் தெரியும் நகல் போதுமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

புட்டசாமி 2024-ம் ஆண்டு அக்டோபரில் தமது 98-வது வயதில் காலமானார். 86 வயதில் வீட்டில் ஓய்வாக இருந்திருக்கலாம். நமக்கு எதற்கு வம்பு என்று இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை.

அன்று, தட்டக்கூடாது என்று கேட்டுக் கரக் சிங் கோர்ட்டுக்குப் போனார். இன்று, தட்டாமல் உள்ளே வராதே என்று கேட்கவேண்டிய காலம். கேட்கிற உரிமை எல்லாருக்கும் இருக்கிறது. கதவு அவரவர் வீட்டுக் கதவு!